நோட்டரி சீலோடு முடிகிற வேலையில்லை

"டிகிரி, மார்க் ஷீட் எல்லாத்துக்கும் நோட்டரி அட்டெஸ்டேஷன் வாங்கிக் குடுங்க, மீதியை நாங்க பார்த்துக்கறோம். ஈ.சி.ஏ. வெறும் ஃபார்மாலிட்டி, இன்விடேஷன் வந்தப்புறம்கூடப் பண்ணிக்கலாம். பி.ஆர். கிடைச்சுட்டா உங்க படிப்புக்கு அங்கே முழு மதிப்பு." கனடா போக நினைக்கும் நம் பிள்ளைகளிடம் கன்சல்டன்ஸிகள் ஒப்பிக்கும் பாடம் இது. இதில் ஒரு வரிகூடத் தேறாது.

முதலில் நோட்டரி. வெளிநாட்டுக் கல்வித் தகுதியை மதிப்பிட்டு ஈ.சி.ஏ. என்ற அறிக்கையைத் தரும் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற அமைப்புகள் விண்ணப்பதாரரின் கையிலிருக்கும் மதிப்பெண் பட்டியலை நம்புவதில்லை. பல்கலைக்கழகமே டிரான்ஸ்கிரிப்டை உறையிலிட்டு, ஒட்டிய மடிப்பின்மேல் முத்திரை குத்தி நேரடியாக அனுப்ப வேண்டும். அல்லது அந்த அமைப்பு ஏற்கும் மின்னணு வழியில் அனுப்ப வேண்டும். நோட்டரியின் சிவப்பு முத்திரைக்கு இங்கே வேலையே இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது பெயர். மார்க் ஷீட்டில் வெறும் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கான சான்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

இன்விடேஷன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆபத்தான பேச்சு. வெளிநாட்டுப் படிப்பை வைத்து ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் போகிறவர், கனடாவின் குடியேற்றத் தேர்வு முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் புரொஃபைலிலேயே ஈ.சி.ஏ. எண்ணைக் கொடுத்தாக வேண்டும். அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பத்துக்கே 60 நாள்தான். அறிக்கை ஐந்தாண்டு செல்லும் என்பதால், முன்பே வாங்கி வைப்பதில் நஷ்டமில்லை.

வெறும் ஃபார்மாலிட்டியா? எக்ஸ்பிரஸ் என்ட்ரி தரவரிசையில் தனியாக விண்ணப்பிப்பவருக்கு இளநிலைப் பட்டத்துக்கு 120 புள்ளி, முதுநிலைக்கு 135. பி.எஸ்சி.யோடு ஓராண்டு பி.ஜி. டிப்ளமோவும் முடித்தவர் இரண்டையும் மதிப்பிட்டுக் காட்டினால் 128 பெற வாய்ப்புண்டு. பட்டத்தை மட்டும் காட்டினால் 120தான். ஓரிரு புள்ளியில் வாய்ப்பு நழுவும் இடத்தில் எட்டுப் புள்ளி சின்ன விஷயமல்ல. மருத்துவராகவே விண்ணப்பிப்பவர் கனடா மருத்துவக் கவுன்சிலிடம்தான் மதிப்பீடு பெற வேண்டும். வேறு இடத்து அறிக்கை செல்லாது. புள்ளிக்காக ஏஜென்ட் போலி ஆவணம் சேர்த்தாலும் பொறுப்பு விண்ணப்பதாரருடையதே. பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்தாண்டுத் தடை.

என்னை அதிகம் வருத்துவது, பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தால் படிப்புக்கு முழு மதிப்பு என்ற கடைசிப் பொய்தான். ஈ.சி.ஏ. குடியேற்றப் புள்ளிக்கான தாள். தொழில் செய்யும் உரிமம் அல்ல. எம்.பி.பி.எஸ். படித்தவர் அங்கே தேர்வுகளையும் பயிற்சியையும் தாண்ட வேண்டும். சிவில் பி.இ. முடித்தவர் ஒன்டாரியோவில் பி.எங். என்ற பொறியாளர் உரிமம் பெறாமல் அந்த எழுத்துகளைப் பெயரோடு போட்டுக்கொள்ள முடியாது. இங்கே சைட்டைக் கட்டி மேய்த்த எத்தனையோ பேர் இது தெரியாமல் போய், அங்கே கிடங்கில் பெட்டி அடுக்குகிறார்கள். ஆனால் அந்தப் பொறியாளர் உரிமத்துக்குக் கேட்கும் 48 மாத அனுபவத்தில் ஒரு பகுதி கனடாவில் பெற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒன்டாரியோவின் பொறியாளர் அமைப்பு 2023 மே மாதத்திலேயே நீக்கிவிட்டது. ஆகவே இங்கே செய்த வேலைக்கான சான்றுகளை, கையெழுத்துப் போட்டுத் தரக்கூடிய மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போதே திரட்டிவிடலாம்.