சிவப்பு விளக்கு எரிந்தால் பழுதா?

சென்ற ஞாயிறு இரவு அக்கா மகனிடமிருந்து அழைப்பு. "மாமா, பவர் சப்ளை கெட்டுப் போச்சு. போர்டு எரிஞ்சிருச்சு. புதன்கிழமை பிரசன்டேஷன்." குரல் உடைந்திருந்தது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மின்னணுவியல் படிக்கிறான். வீட்டுக்குள் முதியோருக்கு மருந்துத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சிறிய வண்டி, அவனுடைய மூன்று மாத உழைப்பு. நான் இருபது ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஈசூனுக்குக் கிளம்பினேன். அக்கா வீட்டில் கருகிய வாடை. அதை மறைக்க அக்கா சாம்பிராணி போட்டிருந்தார். இரண்டும் சேர்ந்து கண்ணைக் கரித்தது.

மேசைமேல் இருந்தது, மூத்த மாணவர் ஒருவரிடம் அவன் வாங்கிய பழைய மூன்று வெளியீட்டு பவர் சப்ளை. ஆய்வுக்கூடங்களில் அதிகம் காணப்படும் வகை. 0 முதல் 30 வோல்ட் வரை மாற்றக்கூடிய இரண்டு வெளியீடுகள், ஒவ்வொன்றும் 3 ஆம்பியர் வரை தரும். மூன்றாவது, எப்போதும் 5 வோல்ட் தரும் நிலையான வெளியீடு. மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்றும் சரியாக இருந்தன. பெட்டி கெடவில்லை.

"அதில 3 ஆம்பியர்னு போட்டிருக்கே தம்பி, அவ்வளவும் உள்ள போயிதான் எரிஞ்சுதா?" என்று கேட்டார் அக்கா. பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பெட்டி மின்னோட்டத்தைத் திணிப்பதில்லை. மின்னழுத்தத்தை நாம் கொடுக்கிறோம், மின்னோட்டத்தைப் போர்டு தனக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறது. 3 ஆம்பியர் என்பது உச்சவரம்பு. வங்கி அட்டைக்கு நாளுக்கு 200 வெள்ளி வரம்பு வைத்தால் தினமும் 200 வெள்ளி செலவாகும் என்று பொருளில்லை அல்லவா? ஆனால் அட்டை திருடன் கையில் சிக்கினால், அந்த வரம்புதான் இழப்பை நிறுத்தும்.

இங்கே திருடன், மாற்றிச் செருகிய இரண்டு கம்பிகள். அதுவரை வண்டி பேட்டரியில் ஓடியது. சார்ஜ் சீக்கிரம் தீர்கிறது என்று அன்றுதான் பெட்டியில் மாட்டியிருக்கிறான். போர்டுக்கு 5 வோல்ட் தேவை, பெட்டியிலேயே 5 வோல்ட் என்று எழுதிய துளை இருக்கிறது. அதில் சிவப்பையும் கருப்பையும் தூக்கக் கலக்கத்தில் மாற்றிச் செருகிவிட்டான். அந்த நிலையான வெளியீட்டில் திருகக் குமிழ் இல்லை. 3 ஆம்பியர் வரை கேட்டதைக் கொடுக்கும். நகக்கண் அளவுச் சில்லுக்குள் அவ்வளவும் பாய்ந்தால் புகை வராமல் என்ன செய்யும்? வசதியாக இருக்கும் அந்தத் துளையைப் புதிய போர்டுக்குப் பயன்படுத்தாதே என்று என் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். சொந்த அக்கா மகனிடம் சொல்லத் தோன்றவில்லை, பாருங்கள்.

மாற்றக்கூடிய வெளியீடு ஒன்றில் 5 வோல்ட் வைத்து, மின்னோட்ட வரம்பை 0.2 ஆம்பியரில் நிறுத்தியிருந்தால் கதை வேறு. போர்டு வரம்பைத் தாண்டி இழுக்கப் பார்க்கும்போது பெட்டி மின்னழுத்தத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். 10 ஓம் மின்தடை ஒன்றை 5 வோல்ட்டில் மாட்டினால் அது 0.5 ஆம்பியர் இழுக்கும். வரம்பு 0.2 என்றால் மின்னழுத்தம் 2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியும். பல பெட்டிகளில் பச்சைக்குப் பக்கத்தில் சி.வி. என்றும் சிவப்புக்குப் பக்கத்தில் சி.சி. என்றும் எழுதியிருக்கும். பச்சை எரிந்தால் பெட்டி மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, சிவப்பு எரிந்தால் மின்னோட்டத்தை.

இவன் என்ன செய்திருக்கிறான் தெரியுமா? பெட்டி வாங்கிய அன்றே சிவப்பைப் பார்த்துப் பயந்து, அது எரியாமல் இருக்க மின்னோட்டக் குமிழ் இரண்டையும் முழுவதுமாகத் திருகி வைத்துவிட்டான். புகை எச்சரிக்கைக் கருவி சத்தம் போடுகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி வைப்பதுபோல.

வரம்பு வைக்கக் கற்றுக்கொடுத்தேன். மின்னழுத்தத்தை 3 வோல்ட்டுக்குக் குறைத்து, மின்னோட்டக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகி, சிவப்பு முனையையும் கருப்பு முனையையும் ஒரு தடித்த கம்பியால் இணைக்கச் சொன்னேன். "மாமா, ஷார்ட் ஆயிடும்!" என்று கையை இழுத்துக்கொண்டான். ஆகட்டும், அதற்குத்தான் அந்தக் குமிழ். வெளியீட்டைத் திறந்து மெல்லத் திருகினால் எண் ஏறும். 0.20 வந்ததும் நிறுத்து. வெளியீட்டை மூடு, கம்பியை எடு, 5 வோல்ட் வை. முடிந்தது. இந்த வேலையை இத்தகைய பெட்டியில் மட்டுமே செய்யலாம். பேட்டரியிலோ சுவர்ச் செருகியிலோ செய்தால் தீப்பிடிக்கும். வரம்பை முன்கூட்டியே திரையில் காட்டும் புதிய பெட்டிகளில் கம்பியே தேவையில்லை.

வரம்பு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நம்பக் கூடாது. பெட்டியின் வெளியீட்டில் ஒரு மின்தேக்கி இருக்கிறது. அதில் சேர்ந்திருப்பது வரம்பு விழித்துக்கொள்ளும் முன்பே பாய்ந்துவிடும். மென்மையான ஓர் எல்.இ.டி.க்கு அதுவே போதும். அதனால் முதலில் கம்பியை மாட்டி, முனைகளை இரண்டு முறை பார்த்து, கடைசியில்தான் வெளியீட்டைத் திறக்க வேண்டும்.

திங்கட்கிழமை சிம் லிம் டவரில் புதிய போர்டு வாங்கி வந்தான். செவ்வாய் இரவு மாட்டினோம். போர்டுக்கு முதல் வெளியீடு, மோட்டாருக்கு இரண்டாவதில் 12 வோல்ட். போர்டில் விளக்கு எரிந்தது, மோட்டார் மட்டும் அசையவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது. காரணம் சின்னது. பேட்டரி ஒன்றே இருந்தபோது இரண்டுக்கும் கருப்பு முனை பொது. பெட்டியில் இரண்டு வெளியீடுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே நிற்பவை. போர்டு அனுப்பும் கட்டளை மின்னோட்டம் திரும்பி வர வழியில்லை. இரண்டு கருப்பு முனைகளையும் ஒரு கம்பியால் சேர்த்தோம். முதலில் அவன் பச்சை முனையில் செருகப் போனான். அது பெட்டியின் உலோக உடலோடு இணைந்த புவி இணைப்பு, கருப்புக்கு மாற்றல்ல. தொடர், இணை என்று நடுவில் இருக்கும் பொத்தான்களையும் தொட வேண்டாம் என்றேன். தெரியாமல் தொடரை அழுத்தினால் இரு முனைகளுக்கிடையே 60 வோல்ட் வரை வரலாம்.

வண்டி கிளம்பிய நொடியில் இரண்டாவது வெளியீட்டில் சிவப்பு மின்னியது. வண்டி திணறி நின்றது.

"ஐயோ, மறுபடியுமா?" என்றார் அக்கா.

"பழுதில்லம்மா. மோட்டார் கிளம்பும்போது கூடுதலா இழுக்கும். நான் அரை ஆம்பியர்தான் வச்சிருக்கேன்." என்னைப் பார்க்காமலேயே குமிழை ஒன்றரைக்குத் திருகினான். மருந்துத் தட்டு சமையலறைப் பக்கம் நகர்ந்தது.