மேலே படிக்கணுமா, வேலைக்குப் போகணுமா?

"என் மகள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது. ஆனால், 'எம்.சி.ஏ. படித்தால்தான் நல்ல சாஃப்ட்வேர் டெவலப்பர் ஆக முடியும்' என்று அடம்பிடிக்கிறாள். கடன் வாங்கித்தான் சேர்க்க வேண்டும். அவள் அப்பாவோ, 'வேலைக்குப் போகட்டும், அடுத்த வருஷம் வரன் பார்க்கலாம்' என்கிறார். என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

இந்தப் பட்டம் இல்லாவிட்டால் எந்தக் கதவு திறக்காது? முதலில் இதை மகளிடம் கேளுங்கள், அம்மா.

சில கதவுகள் நிஜமாகவே திறக்காது. பொதுத்துறை வங்கிகளின் ஐ.டி. ஆபீசர் தேர்வுக்கு பி.இ. அல்லது கம்ப்யூட்டர் முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள், வெறும் பி.எஸ்ஸி. போதாது. கலைக் கல்லூரியில் பாடம் நடத்தவும் முதுகலை வேண்டும், அதோடு நெட், செட் தேர்வோ பிஹெச்.டி.யோ வேண்டும். சில கம்பெனிகள் சில வேலைகளுக்கு பி.இ., எம்.சி.ஏ. படித்தவர்களை மட்டுமே கூப்பிடுகின்றன. இவற்றில் ஒன்று மகளின் ஆசை என்றால், தாராளமாகப் படிக்கட்டும். முன்பு 3 வருஷமாக இருந்த எம்.சி.ஏ., 2020-லிருந்து 2 வருஷம்தான். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதலாம். திருச்சி என்.ஐ.டி.யில் சேர ஆசையென்றால் நிம்செட்.

ஆனால், கோடிங் நன்றாக வர வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால், பட்டம் அதற்கு உத்தரவாதம் தராது. எழுதி, தப்பு செய்து, திருத்தித்தான் கை பழகும். வேலையில் அது தினமும் நடக்கும். பாடம் வேண்டுமென்றால் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளே என்.பி.டெல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன.

கடன் விஷயத்தில் ஒன்று. கல்விக் கடனுக்குப் படிக்கும்போது தவணை இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் பொதுவாகப் பணம் வாங்கியதிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கிவிடும். 2 வருஷச் சம்பளம் வராமல் போவதையும் கணக்கில் சேருங்கள்.

நடுவழியும் உண்டு. இக்னோவில் வேலை பார்த்துக்கொண்டே எம்.சி.ஏ. படிக்கலாம். பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து எம்.டெக். படிக்க வைக்கும் திட்டம் விப்ரோவில் இருக்கிறது. இத்தனை வருஷம் விலகக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தால், படித்துப் பார்த்தபிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், மகள் ஆசைப்படும் 3 வேலைகளின் விளம்பரங்களை எடுத்து, 'தகுதி' என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பதில் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. 'மேலே படிக்கிறேன்' என்பது, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த மரியாதையான வழி. அப்படித்தானா என்று அவளிடம் மெதுவாகக் கேளுங்கள். ஆமாம் என்றால், "வேலைக்குப் போம்மா, 2 வருஷத்துக்கு வரன் பேச்சே எடுக்க மாட்டோம்" என்று அவள் அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். அதற்குக் கடனும் வேண்டாம், வட்டியும் வேண்டாம்.

அதன்பிறகும் அவள் எம்.சி.ஏ. என்றே சொன்னால், யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள்.