மரத்தை நட்டவர் அஞ்சலாமா?

நம் சேர்வராயன் மலையில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தைக்கூட நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது என்பது தோழியர் பலருக்குத் தெரிந்திராது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1955-ஆம் ஆண்டில், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மரம் வெட்ட விரும்புவோர் அதற்கென அமைந்த குழுவின் அனுமதியை முதலில் பெறவேண்டும். சரிவு நிலத்தைப் பண்படுத்திப் பயிரிடுவதற்கும் அச்சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. மரம் போனால் மண் போகும். மண் போனால் ஊற்று வற்றும். ஐப்பசி மழையில் கொண்டை ஊசி வளைவுகளில் சரிந்து கிடக்கும் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எனவே சட்டம் வேண்டும். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் எல்லா மரத்தையும் ஒரே தராசில் நிறுப்பது சரிதானா?

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பிக்கு நிழல் வேண்டும். அந்த நிழலுக்காக வந்த சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. விரைவில் நெடுநெடுவென்று வளரும், மிளகுக்கொடியைத் தாங்கும், விற்றால் பணமாகும். உண்மையில் அதுவும் ஒரு பயிர்தான். பலாவும் நாவலும் அத்தியும் அப்படியல்ல. அவை பல தலைமுறைகளுக்கு நிற்பவை. பறவைக்கும் அணிலுக்கும் தேனீக்கும் சோறு போடுபவை.

வெள்ளக்கடையில் எங்கள் அண்டை வீட்டுத் தாத்தாவிடம் ஒரு பலாக்கன்றைக் கொடுத்தேன். "வேண்டாம் பாப்பா. நாளைக்கு ஒரு கஷ்டம்னா இதை வெட்ட யார்கிட்ட போய் நிக்கிறது?" என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் மரத்தின் பகைவர் அல்லர். வாசலில் உதிரும் நாவல் பழத்தைப் பொறுக்க எங்களை அழைப்பவரும் அவரே!

சந்தன மரத்தின் கதையும் இதுதான். முன்பு பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் அரசுக்கே உரியது. பிறகு அதை வளர்க்க யாருக்கு மனம் வரும்? வம்பு எதற்கென்று கன்றிலேயே பிடுங்கியவர்கள் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2002-இல்தான் நிலத்துக்காரருக்கே உரிமை வந்தது.

அண்டை மாநிலமான கர்நாடகத்தைப் பாருங்கள். அங்கே 1976-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் சில்வர் ஓக், சவுக்கு, தென்னை முதலிய சிலவற்றுக்கு அனுமதியிலிருந்து விலக்கு அளிக்கிறது. நட்டு வளர்த்து விற்கும் மரம் வேறு, மலைக்கே உரிய மரம் வேறு என்ற தெளிவு அதில் இருக்கிறது.

"விலக்குக் கொடுத்தால் மலையையே மொட்டையடித்து விடுவார்களே, சில்வர் ஓக் பாரத்தின் அடியில் ஈட்டி மரமும் லாரியேறுமே" என்று என் தந்தையார் கேட்கிறார். நியாயமான அச்சம். ஆகையால் முழு விலக்கு வேண்டாம். சமதளத்துச் சிறு தோட்டத்தில், நட்டவரே வெட்டும் சில்வர் ஓக்குக்கு மட்டும் எளிய அனுமதி போதும். அதையும் ஊராட்சி அலுவலகத்திலேயே விண்ணப்பித்துப் பெற வழி வேண்டும். மலை இறங்கிச் சென்றால் கூலிக்காரருக்கு ஒருநாள் வருமானம் போய்விடுகிறது. வெட்டிய இடத்தில் நாட்டு மரக்கன்று நடப்பட்டதா என்று மறு ஆண்டு வந்து பார்க்கட்டும். ஓடைக்கரையிலும் செங்குத்துச் சரிவிலும் நிற்பதை மட்டும், அது எந்த மரமானாலும், யாரும் தொடக்கூடாது.

— பத்தாம் வகுப்பு மாணவி, வெள்ளக்கடை