துப்பாக்கி உறை தேய்வது ஏன்?

சேஷாசல மலையடிவாரத்தில் செம்மரக் காவல் பணியாற்றும் ஊழியர் ஒருவர், சென்ற ஆண்டு தம் இடுப்பிலிருந்த தோலுறையைக் கழற்றி, பிஸ்டலை நீக்கிவிட்டு என் கையில் கொடுத்தார். வெளிப்புறம் மெருகு குன்றாமல் இருந்தது. உட்புறத்தை வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. வாயிலிருந்து அடிவரை ஒரே கோடாகத் தோல் உழப்பட்டிருந்தது. அக்கோட்டின் மேல்முனையில் தையல் அறுந்து வாய் தளர்ந்திருந்தது. “மட்டமான தோல், ஐயா, வேறென்ன?” என்றார். தோலின் மீது குற்றமில்லை என்பதே என் கருத்து.

பழைய ரிவால்வரில் குழல் அசையாது நிற்கும்; உருளை மட்டும் பருத்திருக்கும். உறை அங்கேதான் புடைத்துத் தேயும். தானியங்கிப் பிஸ்டலின் அமைப்பு வேறு. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை உருவாக்கிய 9 மில்லிமீட்டர் பிஸ்டல், 1935இல் வெளிவந்த பிரௌனிங் வகையின் வழிவந்தது. இதில் குழலின் மேல் ஸ்லைடு என்னும் எஃகுப் பகுதி முன்னும் பின்னும் ஓடுகிறது. அதன் முனையில் போர்சைட் என்று காவலர் வழங்கும் முன்குறி. பின்னால் சதுர மூலைகளுடன் பின்குறி. பக்கத்தில் வெற்றுத் தோட்டா வெளியேறும் வாயில். விரல் பிடிக்க அரம் போன்ற வரிப்பள்ளங்கள். பிஸ்டலை உருவும் ஒவ்வொரு தடவையும் முன்குறி உறையின் முழு நீளத்தையும் கீறிக்கொண்டு வருகிறது. பின்குறியும் வரிப்பள்ளங்களும் வாயையும் பட்டையையும் மட்டும் அராவுகின்றன. ஆகவே முதற்குற்றவாளி முன்குறியே.

தோல் இழைகளாலானது. அவ்விழைகளின் ஆதாரப் பொருளான கொலாஜன் மூன்று புரி கொண்ட கயிறு போல் முறுக்குண்டது என்பதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் உலகுக்கு எடுத்துரைத்தனர். கயிறு இழுவையைத் தாங்கும். கிணற்றின் கல்விளிம்பில் ஓரிடத்திலேயே உராய்ந்தால் புரி புரியாக அறும். தோலும் அவ்வாறே. ஆசிரியர்கள் இதை வகுப்பில் காட்டலாம். ஒரு தோல் துண்டின் மேல் அளவுகோலின் தட்டைப் பரப்பை ஐம்பது முறை தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு அதே விசையுடன் அதன் மூலையைத் தேய்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்னும் பாடம், கரும்பலகையில் எழுதுவதைவிட இப்படி நன்றாகப் பதியும்.

இனி, இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு காரணம். திருமலை மலைப்பாதையில் சென்றவர்கள் செங்குத்தாக எழும் குவார்ட்சைட் பாறைச் சுவரைப் பார்த்திருப்பார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை சிறப்பித்துக் காக்கும் இயற்கைச் சின்னம் அங்கே உள்ளது. அப்பாறை பொடிந்த மணலில் குவார்ட்ஸ் மிகுதி. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 7. சாதாரணக் கத்தி எஃகுக்கு ஏறக்குறைய ஐந்தரையே. உறைக்குள் புகுந்த அம்மணல் மென்மையான தோலில் பதிந்துகொள்ளும்போது தோல் உப்புத்தாளாக மாறி, பிஸ்டலின் நீலப்பூச்சையும் தேய்க்கிறது. மலையேறும்போது இடுப்பில் ஏற்படும் சிறு அசைவே இதற்குப் போதும்.

‘இன்னும் தடித்த தோலாக வாங்கினால் தீரும்’ என்போர் உண்டு. தடிப்பு, கீறல் மறுபுறம் வெளிப்படும் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவே. தாமே முன்குறியை அரத்தால் ராவிக்கொள்வோரும் உண்டு. இது பெருந்தவறு: குறி தாழ்ந்தால் குண்டு படும் இடம் மாறும். பிசிறிருந்தால் ஆர்மரர் மட்டுமே தொடலாம். விளக்கெண்ணெயை அளவின்றித் தடவி உறையை மிருதுவாக்குவதும் நன்றன்று. ஏன் என்பதைப் பின்னர் கூறுகிறேன்.

செய்யத்தக்கது உறையின் வடிவை மாற்றுவது. பிஸ்டலின் அளவில் மர அச்சுச் செய்து, முன்குறியின் கோட்டில் பென்சில் பருமனுள்ள குச்சியொன்றை ஒட்டி, நனைத்த தோலை அதன்மேல் படியவைத்து நிழலில் உலர்த்தினால், முன்குறி தோலைத் தொடாமல் ஓட ஒரு வாய்க்கால் அமைந்துவிடும். தையல் அக்கோட்டில் வரலாகாது. வாய்க்கு இரண்டாம் அடுக்கு வேண்டும். இதற்கு ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரச் சத்துகளால் பதனிட்ட தோலே உகந்தது. குரோமியத் தோல் அச்சின் வடிவை இவ்வளவு காப்பதில்லை. சித்தூரிலிருந்து இராணிப்பேட்டை தொலைவன்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் அதற்கப்பால். 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இவ்வளவும் இருக்க, எல்லாக் கைத்துப்பாக்கிக்கும் ஒரே வெட்டில் உறை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிளாஸ்டிக் உறை தளராது என்பது மெய்தான். ஆனால் அதனுள்ளும் மணல் தங்கும், வாரந்தோறும் கழுவவேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் நனைந்த உறையை ஜீப்பின் சூடான பானட்டின் மேல் காயவைக்கக் கூடாது, சுருங்கி விறைக்கும். அதில் பிஸ்டலை இரவெல்லாம் வைப்பதும் கூடாது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து மை ஆவது போல், தோலின் துவர்ப்பும் ஈரமும் இரும்புடன் சேர்ந்து கருங்கறையும் துருவும் விளைவிக்கும்.

உறையின் ஆயுளை ஆண்டுகளால் கணக்கிடுவதே பிழை. தேய்ந்த உறையிலிருந்து மலையேற்றத்தில் பிஸ்டல் நழுவலாம். அதைவிடக் கொடியது ஒன்றுண்டு: தளர்ந்த வாயின் தோல் உள்ளே மடிந்திருக்க, இருட்டில் பாராமல் பிஸ்டலைச் செருகும்போது அம்மடிப்பு விசைவளையத்துள் புகுந்து விசையை அழுத்தக்கூடும். பாதுகாப்புப் பூட்டு விடுபட்டிருந்தால் குண்டு பாய்வது தொடையில். எண்ணெயால் மிருதுவான உறையை நான் அஞ்சுவது இதனாலேயே. சோதனை எளிது. காலி உறையின் வாயைக் கட்டைவிரலால் அழுத்துக. விட்டவுடன் நிமிராவிட்டால், வெளிமெருகு எவ்வளவு இருந்தாலும் அதைக் கழித்துவிட வேண்டும்.

அந்த ஊழியரின் உறையை அவ்வாறே அழுத்திப் பார்த்தேன். மடிந்தது மடிந்தபடியே இருந்தது. திருப்பதிக் கடைத்தெருவில் யாரிடமேனும் தைத்துக்கொள்ள எண்ணியிருந்தவர், என் சொற்கேட்டு அதை ஒப்படைத்தார். இரண்டு மாதம் கழித்துப் புதிய உறை வந்தது. வாங்கிப் பார்த்தேன். பழைய வெட்டு, வாய்க்கால் இல்லை, தையலும் அதே கோட்டில்.