மெல்ல உண்பாரின் நோய்

பலர் கூடியுண்ணும் இடத்தில் எல்லார்க்கும் பின்னெழும் இளைஞர் சிலரை நாம் காண்கிறோம். கவளந்தோறும் நெடுநேரம் மெல்வர். உடனே ஒரு மடக்கு நீர் பருகுவர். இறைச்சியையும் ரொட்டியையும் காரணங் கூறாமலே ஒதுக்குவர். பெற்றோர் இதனைச் செல்லம் என்பர்; தோழர் நகைப்பர். அவருட் சிலர்க்கு இது பழக்கமன்று, நோயாகும்.

இயோசினோபில் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் உணவுக்குழலின் உட்சுவரிற் குடிபுகுந்து அழற்சி விளைக்கும் இந்நோய், பெரும்பாலும் சில உணவுகளின் ஒவ்வாமையாற் பிறப்பது. 1993இல் ஆட்வுட் என்பாரும், 1994இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸ்ட்ராமன் என்பாரும், தத்தம் குழுவினருடன் இதனைத் தனிநோயென வகுத்துரைத்தனர். அதற்குமுன் இரைப்பையின் அமிலம் மேலெழுதலின் விளைவென்றே பலரும் கொண்டனர்.

நிற்க. "விழுங்குதற்குத் துன்பம் உளதோ?" என வினவினால் இந்நோயாளர் "இல்லை" என்பர். அது பொய்யுமன்று, எளிதில் இறங்குவதனையே உண்கின்றாரன்றோ? ஆகலின், எவ்வாறு உண்கிறார், எவற்றை ஒதுக்குகிறார், உடனுண்டவர் எழுந்தபின் எத்துணை நேரம் அமர்ந்திருக்கிறார் என வினவுதலே மருத்துவர்க்குத் தகும்.

கண்ணும் ஏமாற்றும். உள்நோக்குக் குழாயைச் செலுத்துங்கால் வளையங்களும் நீண்ட பள்ளங்களும் வெண்புள்ளிகளும் தோன்றலாம். சிலர்க்கு ஒன்றுமே தோன்றாது. அணுக்களோ ஓரிடத்துத் திரண்டு மற்றோரிடத்து இலவாயிருக்கும். எனவே வெவ்வேறிடங்களினின்று 6 சதைத்துணுக்குகளேனும் எடுத்தல் வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியின் ஒரு பார்வைப் புலத்தில் 15 அணுக்களேனும் காணப்பெற்று, பிற காரணங்களும் விலக்கப்பெறின், நோய் துணியப்படும். சுவர் செவ்விதாயுளதென்று துணுக்கெடாமல் குழாயை வெளியே வாங்குதலை நாம் ஒப்போம். கவளம் சிக்கி ஓடிவந்தவரை, அதனை அகற்றியவுடன் வீட்டுக்கனுப்புதலோ அதனினும் பெருந் தவறு. காலந் தாழ்க்குந்தோறும் குழல் இறுகிச் சுருங்குவதாம். பின்னர் அதனைக் கருவியால் விரிக்க நேரும்.

மருந்துகள் உள. அமிலத்தைத் தணிக்கும் மாத்திரையே சிலர்க்குப் போதும். ஆஸ்துமா நோயாளர் மூச்சில் இழுக்கும் ஸ்டீராய்டு வகையை இந்நோயாளர் விழுங்குவர். டுபிலுமாப் என்னும் ஊசிமருந்துக்கு அமெரிக்க அரசாங்கம் 2022இல் இசைவளித்தது. உணவை விலக்குதல் பிறிதொரு வழி. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைவகை, மீன்வகை ஆகிய 6 உணவுகளையும் ஒருங்கே விலக்குதல் முன்னைய முறை. பால் ஒன்றனையே விலக்கினும் வயதுவந்தோர்க்கு ஏறக்குறைய அத்துணைப் பயன் உண்டென 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. நோயாளர்க்கு இஃதொரு பெரும் ஆறுதலன்றோ!

எவ்வழியைக் கொள்ளினும், துன்பம் தணிந்ததென்னும் சொல்லொன்றே கொண்டு அமைதல் ஆகாது. உட்சுவரின் அழற்சி அடங்காமலும் விழுங்குதல் எளிதாகக் கூடுமாதலின், சில வாரங் கழித்து மீண்டும் துணுக்கெடுத்து நோக்குமாறு நோயாளரே மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.