வீட்டு விற்பனையும் புகைப்படக் கலையும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் நாட்டார் நெடுநாளாக வழங்கிவரும் பழமொழி. வீட்டை விற்பதன் அருமையையும் அறிந்த ஒருவர் இதனை இயற்றியிருப்பின், 'விற்றுப்பார்' என்று மூன்றாவதொன்றையும் சேர்த்திருப்பர் போலும். முற்காலத்தில் வீடு விற்கக் கருதியவர் அண்டை அயலாரிடமும் உறவினரிடமும் செய்தி சொல்லுவர். தரகர் ஆளை அழைத்து வருவர். வந்தவர் வாசற்படி முதல் கொல்லைக் கிணறு வரை தம் கண்ணாலேயே நோக்கி, கிணற்று நீரையும் அள்ளிச் சுவைத்து, அதன்பின் விலை பேசுவர். இக்காலத்திலோ வாங்குபவர் முதலிற் காண்பது வீட்டையன்று, வீட்டின் படத்தையே. துபாயிலோ சிங்கப்பூரிலோ உழைத்துப் பொருளீட்டும் ஒருவர் மதுரையில் வீடு வாங்கக் கருதினால், கைப்பேசியில் தோன்றும் ஐந்தாறு படங்களைக் கொண்டே, எவ்வீட்டைப் பார்க்க ஆளனுப்புவது, எதனைத் தள்ளுவது என்று முடிவு செய்கின்றார். ஆதலின் அப்படங்களை எடுப்பவர் யார், எவ்வாறு எடுக்கின்றார் என்பது சிறு விஷயமன்று.

"கையிலே கைப்பேசி இருக்க, தேர்ந்த புகைப்படக்காரருக்குப் பணம் கொடுப்பானேன்?" என்று வினவுவோர் பலர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: கண் காண்பதுபோலக் காமிரா காண்பதில்லை. ஓர் அறையினுள் நிற்கும் நம் கண், ஜன்னலுக்கு வெளியேயுள்ள வெயிலையும் மூலையிலுள்ள அலமாரியையும் ஒருங்கே காணவல்லது. காமிராவோ, வெயிலுக்கு இசைய வைத்தால் அறையை இருட்டாக்கும். அறைக்கு இசைய வைத்தால் ஜன்னலை வெறும் வெள்ளைத் துணியாக்கும். பயின்றவர் ஒரே இடத்தினின்று ஒளியளவை மாற்றி மூன்று அல்லது ஐந்து படங்களை எடுத்து, அவற்றைக் கணினியில் இணைத்து, கண் கண்டதனையே படமாக்குவர். காமிரா சிறிது அண்ணாந்தால் நேராக நிற்கும் சுவர்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து தோன்றும். ஆதலின் அவர் அதனை முக்காலியின்மேல் மட்டமாக, ஏறத்தாழ நெஞ்சளவு உயரத்தில் நிறுத்துவர். கிழக்கு நோக்கிய வீட்டின் முகப்பைக் காலையிலும், மேற்கு நோக்கியதனை மாலையிலும் எடுப்பர். இவை பழக்கத்தால் வரும் அறிவேயன்றி, விலையுயர்ந்த கருவியால் மட்டும் வருவன அல்ல.

இதனால் விளையும் நன்மை இருவர்க்கும் உரியது. நல்ல வீடு ஒன்று, இருண்டு கோணிய படத்தால், பார்ப்பாரின்றிப் பல மாதம் கிடத்தலும், பின்னர் உடையவர் மனந்தளர்ந்து குறைந்த விலைக்குக் கொடுத்தலும் நாம் காணாதன அல்ல. பெருஞ்செல்வர்க்கு இது சிறு நட்டம். மகள் திருமணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ இருக்கும் ஒரே வீட்டை விற்கும் எளியவர்க்கு இது பேரிழப்பு. வாங்குபவர்க்கோ, தெளிவான படம் வீண் அலைச்சலைத் தவிர்க்கின்றது. தமக்கு ஒவ்வாததைப் படத்திலேயே கண்டு விலக்கிவிடுகின்றார். வீட்டின் விலையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ தரகுக்குக் கொடுக்கத் தயங்காதவர், அதிற் சிறு பகுதியான படக்கூலிக்குத் தயங்குவது பொருந்தாது.

இக்கலையின் ஆற்றலுக்குச் சான்றாக ஒன்று கூறுவோம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை நோக்கிய குன்றொன்றில் பியர் கோனிக் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த கண்ணாடிச் சுவர் வீட்டை, 1960-ஆம் ஆண்டில் ஜூலியஸ் ஷுல்மன் என்பவர் இரவிற் படமெடுத்தார். கீழே நகரத்தின் விளக்கு வரிசைகள். மேலே, அந்தரத்தில் மிதப்பதுபோன்ற கூடத்தில் அமர்ந்திருக்கும் இரு பெண்கள். நகர விளக்குகள் பதியுமாறு காமிராவைப் பல நிமிடம் திறந்துவைத்து, உள்ளே பிளாஷ் ஒளி பாய்ச்சி அவர் அதனை எடுத்தார். ஒரு குடும்பத்தாரின் வீடு அப்படத்தால் உலகப் புகழ் பெற்றது. ஈண்டுக் கருதற்பாலது யாதெனின், படத்திற் கண்ட கண்ணாடியும் குன்றும் விளக்குகளும் அவ்விடத்தில் உண்மையாகவே உள்ளன என்பதே. அவர் இல்லாததொன்றைப் படைக்கவில்லை. உள்ளதன் சிறப்பு வெளிப்படும் இடத்தையும் வேளையையும் தேர்ந்தெடுத்தார்.

நிற்க. இதே சாமர்த்தியம் ஏமாற்றுதற்கும் பயன்படும் என்பதை மறுப்பதற்கில்லை. மிக அகன்ற கோணமுள்ள லென்ஸைக் கொண்டு, பத்தடி அறையைக் கல்யாணக் கூடம்போலக் காட்டலாம். கணினியின் துணையால் காய்ந்த தரையிற் பசும்புல் விரிக்கலாம். வெற்றறையில் இல்லாத சோபாவையும் கட்டிலையும் இடலாம். வாசலை மறைக்கும் மின்கம்பத்தையும் சுவரிலுள்ள நீர்க்கசிவையும் துடைத்தெறியலாம். செயற்கை நுண்ணறிவு வந்தபின் இது நொடிப்பொழுதில் முடியும் வேலையாயிற்று. படத்தைத் திருத்தும் வழக்கம் புதியதன்று. 1858-ஆம் ஆண்டில் மதுரையைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் வெறுமையாய் நின்ற வானத்தில் மேகங்களைக் கையாலே தீட்டியதுண்டு. ஆனால் மேகத்தை நம்பி எவரும் திருமலை நாயக்கர் அரண்மனையை விலைபேசினாரில்லை. வீட்டு விளம்பரத்தின் நிலை வேறு. அதனை நம்பி ஒருவர் இருபதாண்டுக் கடனைத் தலைமேல் ஏற்கின்றார்.

அங்ஙனமாயின் எதுவரை அலங்காரம், எது முதற் பொய்? எம் சிற்றறிவுக்கு எட்டிய அளவுகோல் இது: விற்பவரோடு போவதைப் படத்தினின்று விலக்கலாம், வாங்குபவரோடு தங்குவதை மறைக்கலாகாது. கொடியில் உலரும் துணியும், கூடத்திற் கிடக்கும் மிதிவண்டியும், அடுக்களை மேடைமீதுள்ள பாத்திரங்களும் விற்பவரோடு போவன. அவற்றை அகற்றிப் படமெடுத்தல், விருந்தினர் வருமுன் வீடு பெருக்குவதை ஒக்கும். மின்கம்பமும், நீர்க்கசிவும், ஜன்னலை அடைத்து நிற்கும் அண்டை வீட்டுச் சுவரும் வாங்குபவரோடு தங்குவன. அவற்றைத் துடைத்தல் கள்ளத்தராசில் நிறுப்பதற்கு ஒப்பாகும்.

இவ்விஷயத்திற் சட்டம் கூறுவதையும் நோக்குவோம். 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொய்யான விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கொடுத்து நட்டமடைந்தவர்க்குக் கட்டி விற்போர் ஈடு செய்யவேண்டும் என்றும், அவர் விலக விரும்பினால் பணத்தை வட்டியுடன் திருப்பித் தரவேண்டும் என்றும் விதிக்கின்றது. ஆயின், தனியார் ஒருவர் தம் பழைய வீட்டை விற்பதற்கு உரியது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமேயாம். அதன் 55-ஆம் பிரிவு, தாம் அறிந்த முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்தவேண்டும் என்கின்றது. எனினும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு நோக்கிக் கண்டுகொள்ளக்கூடிய குறையைச் சொல்லும் கடமை அவர்க்கில்லை. கண்ணிற் படுவதை அவரவரே பார்த்துக்கொள்க என்பது கருத்து. அச்சட்டம் எழுந்த காலத்தில் வாங்குபவர் நேரில் வந்து பார்த்தனர். இன்று பலர்க்குக் கண்ணாக நிற்பது படம். அக்கண்ணைக் கட்டிவிட்டு, "நீர் பார்க்கவில்லையே" என்று அவரைக் குறைகூறுதல் நீதியாகுமோ? கலிபோர்னியா மாநிலத்தில் 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, விளம்பரப் படத்தைக் கணினியால் மாற்றினால் தரகர் அதனை வெளிப்படையாக அறிவித்து, மாற்றாத படத்தையும் காண வழிசெய்யவேண்டும் என்று பணிக்கின்றது. நம் நாட்டிற்கும் அத்தகையதொன்று வேண்டும் என்பது எம் கருத்து.

ஆயினும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. புகைப்படக்காரர் கூலி பெறுவது விற்பவரிடம்; அவரை நம்புபவரோ, அவர் முகமும் அறியாத வேறொருவர். இவ்விருவர்க்கும் நடுவே நேர்மையாக நிற்பதே இத்தொழிலின் அருமை. அழகிய படங்களோடு, தெருவின் தோற்றத்தையும், தண்ணீர்த் தொட்டியையும், பழுதுபட்ட இடத்தையும் காட்டும் படங்களை அவர் சேர்க்கட்டும். அறைகளின் நீள அகலம் குறித்த வரைபடமொன்றையும் இணைக்கும்படி விற்பவர்க்குச் சொல்லட்டும். குறையைக் காட்டினால் வீடு விலைபோகாதென்று அஞ்சுவார் உளர். குறையைப் படத்திற் கண்டபின்னும் வருபவரே உண்மையாக வாங்க வருபவர். அவர் வாசலில் நின்று முகஞ்சுளித்துத் திரும்புவதில்லை.

எம் மாணவருள் புகைப்படக் கலையைப் பிழைப்பாகக் கொள்ளக் கருதுவோர் சிலர் உளர். அவர்கள் இதனைத் திருமண மண்டபத்தோடு நிறுத்திவிடாமல், வீட்டு விற்பனைத் துறையையும் நாடுவாராக. கருவியை நன்கு பயில்க. கூலியையும் தயங்காது கேட்க. ஆனால் மின்கம்பத்தைத் துடைக்குமாறு ஒருவர் கேட்கும் நாள் வரும். அன்று, கடல் கடந்து உழைத்த பணத்தால் அவ்வீட்டை வாங்கி, முதன்முறை வாசற்கதவைத் திறக்கப்போகும் குடும்பத்தை ஒருகணம் நினைத்து, மாட்டேன் என்று சொல்லுக.