யானை வாங்கியவருக்கு அங்குசம் பாரமா?

பழைய மில்லிங் மிஷினை சிஎன்சி ஆக்க இரும்பு நன்றாக இருந்தால் போதுமாம். எலக்ட்ரானிக்ஸை மீந்த காசில் வாங்கிக்கொள்ளலாமாம். நண்பர் எழுதியிருக்கிறார். மூன்று ஸ்டெப்பர் மோட்டார், 24 வோல்ட் சப்ளை, நகமளவு டிரைவர் சில்லு, 32-ல் ஒரு பங்கு மைக்ரோஸ்டெப்: பட்டியல் அவ்வளவுதான். யானையைக் கட்டிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்.

சுற்றுக்கு 200 ஸ்டெப், அதை 32-ஆகப் பிரித்தால் 6,400; 5 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில் ஒரு பல்ஸுக்கு ஒரு மைக்ரான்கூட இல்லை, சர்வோவே தோற்றது என்கிறார். வகுத்தல் சரி. மோட்டாருக்குத்தான் வகுத்தல் தெரியாது. அந்த ஒரு பங்கு நகர அது காட்டும் முறுக்கு, அசையாமல் பிடித்து நிற்கும் முறுக்கில் சுமார் 5 சதவீதம். கனமான மேஜையின் உராய்வுக்கு அது எம்மாத்திரம்? பல பல்ஸ் சேரும் வரை மேஜை சும்மா இருக்கும்; சேர்ந்ததும் குதிக்கும்.

பேரையூர்ப் பட்டறைக்கு வருவது கலப்பை பிராக்கெட், பம்பு கப்ளிங் மாதிரி இரும்பு வேலை. இதே யோசனையில் மாற்றிய ஒரு மிஷினில் நானும் ஒரு தட்டு ஓட்டினேன். கட்டர் திணறியது, மோட்டார் ஒருமுறை உறுமியது, பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. திரையில் எண் சுத்தம். டயல் கேஜ் வைத்தால் 0.1 மி.மீ. தள்ளல்! இந்த மோட்டார் வழுக்கினால் நான்கு ஸ்டெப்பாகவோ அதன் மடங்காகவோதான் வழுக்கும். நான்கு ஸ்டெப் என்றால் சுற்றில் 50-ல் ஒன்று, 5 மி.மீ. பிட்சில் அது சரியாக 0.1. கண்ட்ரோலருக்கு இது தெரியவே தெரியாது. அதன்பின் போட்ட துளைகள் எல்லாம் அதே அளவு தள்ளியே விழுந்தன.

24 வோல்ட்டுக்கு வருவோம். வேகம் கூடினால் சுருளின் இண்டக்டன்ஸ் கரண்டை உள்ளே விடாது. இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்குவது தொழிலில் புழங்கும் கணக்கு. 4 மில்லிஹென்றிக்கு 64 வோல்ட். அவர் சொல்லும் டிஆர்வி8825 சில்லின் உச்சமே 45 வோல்ட், 2.5 ஆம்பியர்.

"எளிமையாகத்தான் எல்லாம் தொடங்கியது" என்று வரலாறு வேறு சொல்கிறார். 1952-ல் எம்ஐடி காட்டிய முதல் என்சி மிஷினே சின்சினாட்டி ஹைட்ரோடெல் மில்லிங் மிஷினை மாற்றி அமைத்ததுதான். வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பீரோக்களோடு, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று திரும்பக் கேட்கும் சர்வோ அதில் அன்றே இருந்தது.

பால்ஸ்க்ரூ போடச் சொன்னது சரி. பலகையில் பெயர் வெட்டும் ரவுட்டருக்கு அவர் பட்டியல் போதும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எமர்ஜென்சி பட்டனை கண்ட்ரோலர் பின்னில் மட்டும் செருகச் சொன்னதை மன்னிக்க முடியாது. போர்டு உறைந்துவிட்டால் அந்தப் பட்டன் வெறும் சிவப்பு பிளாஸ்டிக். அது ரிலே வழியாக மோட்டார் சப்ளையையே துண்டிக்க வேண்டும். ஒயர் அறுந்தாலும் மிஷின் நிற்க வேண்டும்.

மிஷினை மாற்றப்போகிறவர்களுக்கு: என்கோடர் உள்ள மோட்டாராக எடுங்கள், அதன் அலாரம் ஒயரை கண்ட்ரோலரில் சேருங்கள். வாங்குமுன் எந்த வேகத்தில் எவ்வளவு டார்க் என்ற வரைபடத்தைக் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.